பிட்புல் நாயும் பிள்ளை இருக்கிற வீடும்



இந்த இதழுக்கு வடகம் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். அரிசியைக் கூட ஊறப் போட்டாகி விட்டது. அதற்குள் தேவிபட்டினத்திலிருந்து என் அண்ணன் மகள் போன் செய்தாள்.

"அத்தே, ஒரு நாயால வீட்டுல ரெண்டு நாளாச் சண்டை. வச்சுக்கிறதா, அனுப்பிடுறதான்னு தெரியல. நீங்க ஒரு எட்டு வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றாள். குரலில் அழுகை இருந்தது.

நான் இருப்பது இராமநாதபுரம் டவுனில். தேவிபட்டினம் பக்கம்தான். மறுநாள் காலை பஸ் ஏறி விட்டேன். அங்கே போய்ப் பார்த்ததையும் கேட்டதையும், பிறகு நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்து கொண்டதையும் உங்களுக்கு எழுதுகிறேன். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் "ஒரு நாய் வளர்க்கலாமே" என்று யாராவது ஆரம்பித்தால் உங்களுக்கு உதவும்.

ஆட்டைப் பிடித்த கதை

என் அண்ணன் மகளின் புருஷன் துபாயில் வேலை பார்க்கிறார். வீட்டில் மாமியார், கல்யாணமாகாத கொழுந்தன், மூன்று வயதுப் பையன், இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிற எட்டு மாதப் பெண் குழந்தை. கொழுந்தனுக்கு ஊருக்கு வெளியே ஒரு இறால் பண்ணையில் வேலை. பத்து மாதத்துக்கு முன்னால் அவன்தான் மதுரையிலிருந்து ஒரு பிட்புல் குட்டியை வாங்கி வந்தான். "அண்ணன் ஊருல இல்ல, பொம்பளைக தனியா இருக்கீக, காவலுக்கு ஒண்ணு வேணும்ல?" என்பது அவன் வாதம்.

ராக்கி என்று பேர் வைத்தார்கள். சாணி மெழுகின நிறம், அகன்ற மார்பு, பெரிய தலை. மூன்று வயதுப் பையன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டே வளர்ந்திருக்கிறான். அவன் தட்டில் வைத்த இட்லியில் பாதி ராக்கிக்குத்தான். ஒரு தரம் கூட அவனைப் பார்த்து அது உறுமினது கிடையாதாம்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசல் கேட் சரியாகச் சாத்தாமல் இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டு பாய் வீட்டம்மாவின் பேரன், ஏழு வயது, பக்ரீதுக்காக வளர்க்கிற ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தெருவில் போனான். ராக்கி ஒரே பாய்ச்சலில் போய் ஆட்டின் தொடையைக் கவ்வி விட்டது. குரைக்கவும் இல்லை, உறுமவும் இல்லை.

"நம்ம தெரு நாயும் ஆட்டை விரட்டும் அத்தே. ஆனா ஒரு கல்லை எடுத்தா ஓடிரும். இது விடவே இல்ல. தண்ணியக் கொட்டுனோம், கம்பால அடிச்சோம், கொழுந்தன் கத்திக் கூப்பிட்டாக. காதுலயே வாங்கல. நாலு ஆம்பளைக வந்து பிரிக்க வேண்டியதாப் போச்சு. அந்தச் சத்தம் இன்னமும் என் காதுல இருக்கு."

ஆடு பிழைக்கவில்லை. விலையைக் கொடுத்து விடுகிறோம் என்று கொழுந்தன் போயிருக்கிறான். அந்த அம்மா பணத்தைத் தொடவில்லையாம். "ஆடு போனா இன்னொரு ஆடு வாங்கிக்கலாம் தம்பி. கயித்தப் பிடிச்சுக்கிட்டு நின்னது என் பேரன். அதை மட்டும் யோசிச்சுப் பாருங்க" என்றாராம். அவ்வளவுதான். சண்டை போடவில்லை, போலீசுக்கும் போகவில்லை. அன்று ராத்திரி என் அண்ணன் மகளுக்குத் தூக்கமே வரவில்லை.

நான் போன போது ராக்கி பின்கட்டில் முருங்கை மரத்தடியில் கட்டிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. கண்ணைப் பார்த்தால் பசுங்கன்றுக் கண்ணாக இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கே மனசு இளகி விட்டது.

எங்கிருந்து வந்த நாய்?

இந்த நாயைப் பற்றிப் பேச வேண்டுமானால் அது எதற்காக உண்டாக்கப்பட்டது என்று தெரிய வேண்டும். நம் பக்கம் மஞ்சுவிரட்டில் மனிதர்கள் காளையின் திமிலைப் பிடிப்பார்கள். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் காளையைக் கட்டிப்போட்டு அதன் மேல் நாயை ஏவிவிடுவது ஜனங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. காளையின் மூக்கைக் கவ்வி, எவ்வளவு உதறினாலும் விடாமல் தொங்குகிற நாய்க்குத்தான் மதிப்பு. 1835-ம் வருஷம் அந்த விளையாட்டைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். வேடிக்கை பார்த்துப் பழகினவர்கள் சும்மா இருப்பார்களா? காளைநாயையும், சுறுசுறுப்பான டெரியர் வகை நாயையும் கலந்து, நாய்க்கும் நாய்க்கும் சண்டை விட ஆரம்பித்தார்கள். சண்டை நடந்த குழிக்கு ஆங்கிலத்தில் 'பிட்'. காளை 'புல்'. பேர் வந்த கதை இதுதான்.

அந்தக் கலப்பு அமெரிக்காவுக்குப் போய்ப் பல கிளைகளாகப் பிரிந்தது. பிட்புல் என்று இன்றைக்குச் சொல்வது ஒரே ஜாதியை அல்ல. ஒரே சாயலுள்ள நாலைந்து ஜாதிகளையும் அவற்றின் கலப்புகளையும் சேர்த்துத்தான். அதனால்தான் பார்த்த மாத்திரத்தில் இது பிட்புல், இது இல்லை என்று சொல்வது கால்நடை டாக்டர்களுக்கே கஷ்டமாக இருக்கிறது.

"கடித்தால் அதன் தாடை பூட்டிக்கொள்ளும்" என்று ஊரில் சொல்வார்கள். அது தப்பு. அதன் தாடையிலே பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது. மற்ற நாயின் தாடை போலத்தான் அதுவும். விடாமல் பிடிக்கிற குணத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். விடாதது அந்தக் குணம்.

இரண்டு கட்சி

"நாயில என்ன இருக்கு அத்தை? வளர்ப்புலதான் எல்லாம் இருக்கு" என்றான் கொழுந்தன். அண்ணியைப் பார்த்து அவனும் என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவான். நல்ல பையன். நாய்க்கு வேளாவேளைக்கு ஊசி போட்டு, அட்டையில் குறித்து வைத்திருக்கிறான்.

அவன் கட்சியில் உண்மை இல்லாமல் இல்லை. 2022-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் 18,000-க்கும் அதிகமான நாய்களைப் பற்றிச் சொந்தக்காரர்களிடம் கேட்டு, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் சோதித்து, 'சயன்ஸ்' பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இருக்கிற குண வித்தியாசத்தில் ஜாதியைக் கொண்டு சொல்ல முடிவது சுமார் 9 சதவிகிதம்தானாம். வளர்ப்பு, பழக்கம், அந்தந்த நாயின் தனிச் சுபாவம் எல்லாம் சேர்ந்ததுதான் மீதி. நெதர்லாந்து தேசத்தில் 1993-ல் பிட்புல்லைத் தடை செய்தார்கள். நாய்க்கடி குறையக் காணோம் என்று 2008-ல் தடையை எடுத்து விட்டார்கள்.

எதிர்க்கட்சியும் லேசானது அல்ல. 2022 ஜூலையில் லக்னோவில் 82 வயதான ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரை, அவர் வீட்டிலேயே வளர்ந்த பிட்புல் கடித்துக் கொன்று விட்டது. மகன் அப்போது வெளியே போயிருந்தார். 2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் ஒருவர் இதே ஜாதி நாய் கடித்து இறந்தார். தடுக்கப் போன நாயின் சொந்தக்காரப் பெண்மணிக்கும் காயம். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவில் விளையாடிக்கொண்டிருந்த ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு நாய்கள் குதறின. அவை பிட்புல் அல்ல, ராட்வைலர். குழந்தைக்குத் தலையில் ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது.

லக்னோவில் அந்த நாயை வளர்த்தவர்களும் நம் பையனைப் போல "எங்க நாய் அப்படிப்பட்டது இல்லை" என்று சொல்லியிருப்பார்கள். அதுவரைக்கும் அது உண்மையாகவும் இருந்திருக்கும். என் நெஞ்சைப் பிடித்து ஆட்டியது அதுதான்.

சட்டம் எந்தப் பக்கம்?

சட்டமும் இதில் தடுமாறித்தான் நிற்கிறது. 2024 மார்ச் 12-ந் தேதி மத்திய அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் எழுதியது. பிட்புல், ராட்வைலர், மாஸ்டிப் உட்பட 23 வகை நாய்களை இறக்குமதி செய்ய, வளர்த்துப் பெருக்க, விற்க அனுமதிக்கக் கூடாது. ஏற்கெனவே வளர்க்கிறவர்கள் கருத்தடை செய்து விட வேண்டும் என்று சொன்னது. நாய் வளர்ப்போர் கோர்ட்டுக்குப் போனார்கள். சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் செய்த உத்தரவு என்று கர்நாடக ஹைகோர்ட் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. பூங்காச் சம்பவத்துக்குப் பிறகு மே மாதம் நம் தமிழ்நாட்டிலும் அதே 23 வகைக்கும் தடை என்று அறிவிப்பு வந்தது; வந்த வேகத்திலேயே வாபஸும் ஆயிற்று.

இங்கிலாந்தில் 1991 முதல் பிட்புல்லுக்குத் தடை இருக்கிறது. அப்படியும் அதே சாயலில் 'எக்ஸ்.எல். புல்லி' என்று இன்னும் பெரிதாக ஒன்று கிளம்பி, அதையும் தடைப் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. 2024 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பது அங்கே குற்றம்.

ஆக, சர்க்கார் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று நாம் காத்திருக்க முடியாது. குழந்தை இன்றைக்கே தவழ்கிறதே!

குழந்தையின் பாஷை வேறு, நாயின் பாஷை வேறு

இராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த கால்நடை டாக்டர் ஒருவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "பிட்புல் கெட்ட நாயா, நல்ல நாயா என்று என்னைக் கேட்காதீர்கள் அம்மா. எந்த நாய்க்கும் வாயில் பல் இருக்கிறது. அந்த வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது என்கிறீர்களே, அதைச் சொல்லுங்கள்" என்றார்.

அவர் விளக்கினதை என் வார்த்தையில் எழுதுகிறேன். நாம் குழந்தையைக் கட்டிக்கொண்டால் அது அன்பு. நாய்க்குக் கழுத்தைக் கட்டுவது அநேகமாகப் பிடிக்காது, பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். குழந்தை கண்ணுக்குக் கண் பார்த்துச் சிரிக்கும். நாய்க்கு உற்றுப் பார்ப்பது சவால். குழந்தை வீல் என்று கத்திக்கொண்டு ஓடும். துரத்துகிற ஜாதி நாய்க்கு அது இரை ஓடுகிற மாதிரி. நாய் முதலில் முகத்தைத் திருப்பும், கொட்டாவி விடும், உதட்டை நக்கும், உடம்பை விறைக்கும், பிறகு உறுமும். "போதும், தள்ளிப் போ" என்று அது சொல்கிற பாஷை அது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது எப்படிப் புரியும்?

கடிபட்டால் பெரியவர்களுக்குக் கையிலோ காலிலோ படுகிறது. குழந்தைகள் நாயின் உயரத்திலேயே இருப்பதால் முகத்திலும் கழுத்திலும் தலையிலும் படுகிறது. குழந்தைகளைக் கடிக்கிற நாய் பெரும்பாலும் தெரியாத நாய் அல்ல. சொந்த வீட்டு நாய், இல்லாவிட்டால் அக்கம்பக்கத்து நாய்.

இதையெல்லாம் கேட்ட பிறகு எனக்கு ஒன்று தெளிவாயிற்று. சைக்கிள் மோதினாலும் மோதல்தான், லாரி மோதினாலும் மோதல்தான். "ஓட்டுகிறவன்தான் காரணம்" என்பது இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் குழந்தை விளையாடுகிற தெருவில் லாரியை விட யாராவது சம்மதிப்போமா? கொழுந்தன் சொல்கிற மாதிரி, நாய் கடிக்குமா கடிக்காதா என்பது பெரும்பாலும் வளர்ப்பைப் பொறுத்தது, சரி. கடித்தால் என்ன ஆகும் என்பது நாயின் பலத்தையும் குணத்தையும் பொறுத்தது. ஆயிரம் நாள் நல்லபடியாக இருந்து ஒரு நாள் தவறினாலும், அந்த ஒரு நாளைத் தாங்குகிற சக்தி நம் குழந்தைக்கு இருக்கிறதா என்றுதான் தாய் பார்க்க வேண்டும்.

இதற்காக நம் நாட்டு ஜாதி நாய்களெல்லாம் பரம சாது என்றும் நினைத்து விடாதீர்கள். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனவை. நம் வெயிலைத் தாங்கும், நோய் நொடி குறைவு. ஆனால் ராஜபாளையம் வெளியாளைக் கிட்டே சேர்க்காது. தேவிபட்டினம் மாதிரி, நவபாஷாணத்துக்கு வருகிற கூட்டம் விடியற்காலையிலிருந்து நவதானியப் பொட்டலமும் ஈரத் துணியுமாக வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிற ஊரில், எந்தக் காவல் நாயையும் வாசலில் அவிழ்த்து விட முடியாது.

என்ன முடிவு செய்தோம்?

மாமியாருக்கு மனசில்லை. "வாயில்லா ஜீவன், நம்மள நம்பி வந்திருச்சு, தொரத்துனா பாவம்" என்றார். கொழுந்தன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "யாருக்காச்சும் வித்துர்றேன்" என்றான்.

அதுவும் கூடாது என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். ஆட்டைக் கடித்த விஷயத்தை மறைத்து இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தால் அங்கேயும் ஒரு குழந்தை இருக்கும். ராத்திரியோடு ராத்திரியாக ஊர் எல்லையில் கொண்டு போய் விட்டு வருவது அதைவிட மோசம். அது நாய்க்கும் கொடுமை, ஊருக்கும் கொடுமை.

நான் கொழுந்தனைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். "தம்பி, நீ நாய் மேல வச்சிருக்கிற பிரியம் நிசம்தான். அப்ப அந்தப் பொறுப்பும் உன்னோடதுதானே? அண்ணி ரெண்டு பிள்ளையப் பாப்பாளா, கேட்டு சாத்தியிருக்கான்னு பாப்பாளா, சங்கிலி இறுகியிருக்கான்னு பாப்பாளா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் அவனே ஒரு வழி சொன்னான். அவன் வேலை பார்க்கிற இறால் பண்ணையில் காவல் அறை இருக்கிறது. அவன் பாதி நாள் அங்கேதான் படுக்கை. சுற்றிலும் சுவர் எடுத்து வலை அடித்த ஒரு கொட்டடி கட்டுவது. நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்து விடுவது. வெளியே கொண்டு வரும்போது, கதிர் மேயாமலிருக்க மாட்டுக்குப் போடுவோமே, அது போல நாய்க்கென்று விற்கிற வாய்க்கூட்டைப் போட்டு, தடித்த வாரில் பிடித்துக்கொண்டு வருவது. பண்ணை முதலாளியிடம் ஆடு சமாசாரத்தை மறைக்காமல் சொல்லிச் சம்மதம் வாங்குவது. எல்லாம் செய்த பிறகுதான் போன ஞாயிற்றுக்கிழமை ராக்கியைக் கொண்டு போனான். பாய் வீட்டம்மாவிடமும் போய்ச் சொல்லி விட்டு வந்தான். இந்தத் தடவை அந்த அம்மா ஆட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார்.

மூன்று வயதுப் பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. முருங்கை மரத்தடியில் போய் இட்லியை வைத்து விட்டு வந்தானாம். "மனசு கேக்கல அத்தே, தப்புப் பண்ணிட்டமோன்னு இருக்கு" என்று மறுபடி போன். "அவனைக் கூட்டிக்கிட்டு ஒரு நாள் பண்ணைக்குப் போ. வலைக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கட்டும். அழுகை நாலு நாளில் போயிரும்" என்றேன். வேறென்ன சொல்ல?

வீட்டில் நாய் இருந்தால்

எந்த ஜாதி நாயானாலும் இவற்றைக் கவனத்தில் வையுங்கள்:

1. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையையும் நாயையும் ஒரு நிமிஷம் கூடத் தனியாக விடாதீர்கள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஓடினாலும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இல்லாவிட்டால் நாயை வெளியே விட்டுக் கதவைச் சாத்துங்கள்.

2. நாய் சாப்பிடும்போதும், தூங்கும்போதும், குட்டி போட்டிருக்கும்போதும், உடம்பு முடியாமல் படுத்திருக்கும்போதும் பிள்ளைகள் கிட்டே போகக் கூடாது. பிள்ளை தன் தட்டிலிருந்து ஊட்டுவது வேண்டாம்.

3. உறுமினால் நாயை அடிக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தி விட்டால், அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும்.

4. நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டிப் போட்ட நாய்க்கு எரிச்சல் ஏறும். காலையும் மாலையும் வாரில் பிடித்து நடக்க விடுங்கள். நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும்.

5. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம் தவறாமல். அட்டையைப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையோடேயே சேர்த்து வையுங்கள்.

6. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்: தெரியாத நாய் கிட்டே வந்தால் ஓடாதே, கத்தாதே, கண்ணைப் பார்க்காதே, மரம் மாதிரி நில். கீழே விழுந்து விட்டால் முகத்தையும் கழுத்தையும் கையால் மூடிச் சுருண்டு கொள்.

7. ஆட்டையோ கோழியையோ கடித்து விட்டால் "இது சும்மா விளையாட்டு" என்று தள்ளி விடாதீர்கள். அன்றைக்கே கால்நடை டாக்டரிடம் கேளுங்கள்.

கடித்து விட்டால்

வெறி நோய்க்குப் பிட்புல், தெரு நாய் என்கிற பேதம் கிடையாது. நோய்க் குறி தோன்றி விட்டால் அநேகமாக யாரையும் காப்பாற்ற முடியாது. அதற்கு முன் ஊசி போட்டுக்கொண்டால் தடுத்து விடலாம்.

கடியோ கீறலோ பட்டதும் குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு முழுசாகப் 15 நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதற்றத்தில் இரண்டு நிமிஷமே பதினைந்தாகத் தோன்றும். ரத்தம் பீறிட்டு அடித்தால் மாத்திரம் சுத்தமான துணியால் அழுத்திக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பிப் பொடி எதையும் அப்பாதீர்கள். மந்திரித்துக் கயிறு கட்டுகிறவர்கள் கட்டிக்கொள்ளட்டும்; ஆனால் ஊசி போட்டுக்கொண்ட பிறகு.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பாட்டி பயமுறுத்துவாரே, அந்தப் பழைய மருந்து நம் தேசத்தில் 2004-ம் வருஷத்தோடு போயிற்று. இப்போது கையில் தோலுக்குள்தான் போடுகிறார்கள்: முதல் நாள், அதிலிருந்து 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள். ரத்தம் வரும்படி ஆழமாகக் கடித்திருந்தால் காயத்திலேயே போடுகிற இன்னொரு மருந்தும் உண்டு. அது கட்டாயம் வேண்டும். சின்ன நிலையத்தில் இல்லாவிட்டால் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற பெரிய இடத்துக்கு உடனே போங்கள். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கிற தாய்மாரும், கைக்குழந்தைகளும் தாராளமாக இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். கடித்தது நம் வீட்டு நாய்தான், அதற்கு ஊசி போட்டிருக்கிறது என்று நீங்களாகத் தீர்மானித்து வீட்டிலேயே இருந்து விடாதீர்கள், டாக்டர் தீர்மானிக்கட்டும்.

இதில் முக்கியமான ஒன்று. பிள்ளைகள் திட்டுக்குப் பயந்து கடியை மறைத்து விடுவார்கள். "நாய் பல் பட்டுச்சும்மா" என்று குழந்தை சொன்னால், ஏன் அங்கே போனாய் என்று அடிக்கக் கையை ஓங்காதீர்கள். சொன்னதற்காக முதலில் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு குழாயடிக்குக் கூட்டிப் போங்கள்.

உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் நடந்ததையும் எழுதுங்கள். நாயினால் வந்த நன்மையையும் எழுதலாம். ராக்கியைப் பார்த்து விட்டு வந்த எனக்கு அதைப் படிக்கவும் ஆசையாகத்தான் இருக்கிறது.

ஊறப் போட்ட அரிசி என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? தோசைக்கு ஆகி விட்டது. வடகம் அடுத்த இதழில்.